ராசனின் குதிக்கால்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று விடவில்லை. காயப்போட்ட வேட்டி மதிலுக்கு அப்பால் போய் விழுந்தது. பக்கத்து வீட்டில் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். மனைவி தவமணி போய் வாங்கிவந்தாள். “ஒரு வேட்டி கேக்க இவ்வளவு யோசினையே?”

தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று. மின்சாரக் கட்டணம் நாளை.

முற்பகல் தவமணியின் தம்பி ராசனோடு ஆஸ்பத்திரி, தோல் கிளினிக். சதைத்துண்டுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மெலனோமா. தோலின் நிறக் கலங்களில் (செல்களில்) வரும் புற்றுநோய். இடது குதிக்காலில், முள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த அந்தக் கறுப்பு.

இந்தக் கரையில் யாருடைய காலில் கறுப்புப் புள்ளி இருந்தாலும் முள்தான். கடல் முள்ளெலியை மிதித்தால் முள் முறிந்து உள்ளே நிற்கும், மை ஊறியதுபோலக் கறுக்கும், தேசிக்காய்ப் புளி தேய்த்தால் கரையும். ராசனுக்குக் கரையவில்லை. பப்பாசிப்பால் வைத்தான். ஊசியால் கிண்டினான். இறங்குதுறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். படகில் வெறுங்காலோடு நிற்பவன் குதிக்காலை யார் உற்றுப் பார்ப்பார்கள்? கறுப்பு பரந்து, ஓரம் கிழிந்த கடதாசி மாதிரி ஆன பிறகுதான் கிளினிக்.

டொக்டர் பர்ஹானா, குறிஞ்சாக்கேணிப் பெண். மெதுவாகப் பேசுகிறார், நல்லவர். எங்களுடைய நிறத்துக்காரருக்கு இது வந்தால் பெரும்பாலும் வெய்யில் படாத உள்ளங்காலில்தானாம். அறிக்கையை ராசனிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். “சேர் வாசிச்சிப் பாருங்க.” எல்லோரும் என்னிடம்தான் நீட்டுகிறார்கள்.

ஓட்டோவில் திரும்பும்போது:

“அத்தான், என்னவாம் முடிவு?”

“கொழும்புக்குப் போய் வெட்டவேணுமாம்.”

“எவ்வளவு வெட்டுவினம்?”

“குதியில ஒரு பகுதி. தொடையிலயிருந்து தோல் எடுத்து மூடுவினம். கவட்டில ஒரு நிணநீர்க் கணுவையும் எடுத்துப் பாப்பினம், அதுக்குப் பரவினதோ எண்டு.”

“பிறகு படகில எப்பிடி நிக்கிறது?”

கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் இறங்கும்போது சொன்னான்: “நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ. போ எண்டால் போறன், வேண்டாமெண்டால் விடுறன். நீங்கள் சொல்றதுதான்.”

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.


ஓகஸ்ட் 5, செவ்வாய்

மின்சாரக் கட்டணம் கட்டினேன். வரிசையில் எனக்கு முன்னால் இருவர் புகுந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குக் கொழும்பில் ராசனுக்குச் சத்திரசிகிச்சை இடம் கிடைத்திருக்கிறது; டொக்டர் ப. தொலைபேசியில் சொன்னார். முந்தினநாளே அங்கே நிற்கவேண்டும். யாரோ வராமல் போனதால் கிடைத்த இடம். விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாதாம்.

ராசனுக்குப் பெண்சாதி இல்லை, செத்துப் பல காலம். மகன் டோகாவில். ஆகவே நான்.

த. குசினியில் இருந்து: “உயிரியல் படிப்பிச்ச மனிசன். ஓம் எண்டு சொல்லுறதுக்கு என்ன?”

“கொஞ்சம் வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

“நீங்கள் வாசிச்சு முடிக்கட்டுமெண்டு அது காத்துக்கொண்டிருக்குமே?”

அவள் சொல்வது நியாயம். ஆனால் நான் படிப்பித்தது தவளையும் கரப்பானும். இது வேறு. படிப்பிக்கிறவனுக்குத் தெரியும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

அறிக்கையில் ஒரு வரி மனதைவிட்டுப் போகவில்லை: கட்டிக்குள் நிணநீர்க் கலங்கள் காணப்படவில்லை. உடம்பு வேற்றாளைக் கண்டால் அந்த வகை வெண்குழியங்களை அனுப்பும். இங்கே ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஏன்?


ஓகஸ்ட் 6, புதன்

வெக்கை. இரண்டு தரம் குளித்தேன். மகள் வாங்கித் தந்த டப்லெட்டில் நாள் முழுக்க வாசிப்பு. கண் எரிவு.

எனக்காகக் குறித்துக்கொண்டவை:

மேற்றோலின் வேலை அடைத்துவைப்பது. உள்ளே இருக்கும் நீர் வெளியே போகக்கூடாது, வெளியே இருக்கும் கிருமி உள்ளே வரக்கூடாது. அதற்கென்று புரதங்கள், அந்தப் புரதங்களுக்கென்று பரம்பரையலகுகள் (ஜீன்கள்). பிலக்ரின் ஒன்று. கலத்தைக் கலத்தோடு தைத்துவைப்பவை வேறு சில.

சில மெலனோமாக் கட்டிகளில் தோலின் இந்தத் தடுப்புப் பரம்பரையலகுகள் மும்முரமாக இருக்கின்றனவாம். அப்படிப்பட்ட கட்டிகளில் நிர்ப்பீடனத்தின், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியின், சமிக்ஞைகள் குறைவு. வெண்குழியங்களைக் கூப்பிடும் குரல் எழவில்லை, அல்லது எழுந்தும் எட்டவில்லை.

நிர்ப்பீடனத்தை முடுக்கிவிடும் புதிய மருந்துகள், வெண்குழியங்கள் உள்ளே போயிருக்கும் கட்டிகளில் கூடுதலாகப் பலன் தரும். வெளியே நின்றால் குறைவு.

வாசிக்க வாசிக்க ஒரு விதமான மகிழ்ச்சி. அதை எழுதவும் வெட்கம். மச்சானுக்கு நோய், எனக்கு ஒரு கணக்கு விடை வந்ததுபோல. நம்மைக் காப்பதற்கென்று உண்டான அதே வேலியைக் களவெடுத்து அதற்குள் ஒளிந்திருக்கிறது. எவ்வளவு பொருத்தம்.

பொருத்தமாக இருப்பதாலேயே சந்தேகப்படவேண்டும். நாளை சந்தேகப்படுவேன்.


ஓகஸ்ட் 7, வியாழன்

ராசன் வந்தான், பையில் பாரைக்குட்டி நாலு. த. அரிந்து குழம்பு வைத்தாள். சாப்பிட்ட பிறகு விறாந்தையில் இருவரும். குதிக்காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, “எப்ப முடிவு வருது, நீதவான் ஐயா?” என்றான்.

முடிவைச் சொல்லியிருக்கலாம். நான் விளக்கத் தொடங்கினேன்.

வெண்குழியம் என்றால் காவலாளி என்றேன். கட்டி என்றால் உள்ளே புகுந்த ஆள். ஆனால் அந்த ஆள் தன்னைச் சுற்றி வாசலும் மதிலும் போட்டிருக்கிறான், காவலாளிகள் உள்ளே போக ஏலாது. மருந்து கொடுத்தாலும் அந்த வாசலில் நிற்கவேண்டிவரலாம். கரும்பலகை இருந்தால் படமும் கீறியிருப்பேன். நன்றாக விளக்குகிறேன் என்ற நினைப்பு வேறு.

ராசன் காலைக் கீழே வைத்தான்.

“துறைமுக வாசல் மாதிரியோ?”

“ஓம், அப்பிடி எண்டு வைச்சுக்கொள்ளும்.”

“எங்கட அப்பா கரைவலை இழுக்கிற பாடு இருந்த இடம் தெரியுமே உங்களுக்கு?”

“கேள்விப்பட்டனான்.”

“துறைமுகத்துக்கெண்டு கம்பி போட்டு அடைச்சவங்கள். எனக்கு அப்ப மீசை முளைக்கேல்லை. நாளைக்குத் திறப்பாங்கள், அடுத்த மாசம் திறப்பாங்கள் எண்டு அப்பா வலையைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தார். வலையும் உக்கி ஆளும் போயிட்டார்.” பிறகு சிரித்தான். “சரி அத்தான், விளங்கிட்டுது.”

என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். தேத்தண்ணீர் குடிக்காமல் போனான். அவன் தேத்தண்ணீர் குடிக்காமல் போகிற ஆள் இல்லை.


ஓகஸ்ட் 8, வெள்ளி

காலையில் ராசன் அக்காவுக்கு ஃபோன். கொழும்புக்குப் போகப்போவதில்லையாம். காலோடேயே இருக்கிற மட்டும் இருந்துவிட்டுப் போகிறானாம்.

த. வந்து என் முன்னால் நின்றாள். கையில் அகப்பை.

“அத்தான் சொன்னவராம், உள்ளுக்கு ஒண்டும் போகாதாம். திறக்காத வாசலுக்கு முன்னால ஏன் காலை வெட்டிக்குடுப்பான் எண்டு கேக்கிறான். என்ன சொன்னனீங்கள் அவனுக்கு?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“பின்ன எப்பிடிச் சொன்னனீங்கள்?”

சொல்லிக் காட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது.

“எனக்கிருக்கிறது ஒரு தம்பி” என்றாள். பிறகு இன்று முழுக்கக் கதையில்லை. சோறு போட்டாள், கறி போட்டாள், மோர் வைத்தாள். கதையில்லை.

ஃபோன் எடுத்தேன். ராசன் தூக்கவில்லை. கடலில் இருப்பான். அல்லது என் பெயரைப் பார்த்துவிட்டு வைத்திருப்பான்.


ஓகஸ்ட் 9, சனி

காற்று தணிந்தது. பல்லு வலி, வலப்பக்கம். கிராம்பு.

சந்தேகப்படுவதாகச் சொல்லி விட்டுவைத்த வேலையை இன்று செய்தேன். புதன்கிழமை வாசித்தவற்றை மறுபடி, இம்முறை எதிர்ப்பக்கம் நின்று.

ஒன்று. இரண்டு விஷயம் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்றால் மற்றது வருவது வேறு. வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

இரண்டு. கட்டியை எடுக்கும்போது பக்கத்துத் தோலும் கூட வந்தால், அந்தத் தோலின் பரம்பரையலகுகளே கட்டியினுடையவைபோலத் தெரியக்கூடும்.

மூன்று. பார்க்கப்பட்ட கட்டிகளில் அநேகம் வெள்ளைத்தோல்காரருடையவை. உள்ளங்கால் வேறு தோல், இந்த வகையும் வேறு வகை.

நான்கு, இதுதான் என்னைக் குத்துகிறது: ராசனின் கட்டியில் எந்தப் பரம்பரையலகையும் யாரும் பார்க்கவில்லை. வெண்குழியம் காணப்படவில்லை என்ற ஒரு வரி மட்டும். அதிலிருந்து வாசலும் மதிலும் கட்டி, பூட்டும் போட்டது நான்.

பின்னேரம் அவன் வீட்டுக்குப் போகப் புறப்பட்டு, தபாற்கந்தோர் வரை போய்த் திரும்பிவிட்டேன். என்ன சொல்வது? இன்னொரு விளக்கமா?


ஓகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. அலுமாரித் தட்டுகள் துடைத்தேன். அதற்கு அவசியமில்லை.

த. இரண்டு சொல் கதைத்தாள்: “வியாழன் வருது.”


ஓகஸ்ட் 11, திங்கள்

பஸ்ஸில் தனியே கிளினிக். நோயாளி இல்லாமல் போனவன் என்பதால் கடைசி ஆளாகக் கூப்பிட்டார்கள். குறிப்புத் தாளை எடுத்து டொக்டர் ப.வுக்கு எல்லாம் சொன்னேன்: பிலக்ரின், சமிக்ஞை, வாசல், ராசன் சொன்னது. குறுக்கே பேசாமல் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

“சேர், நீங்க வாசிச்சது பிழையில்ல. நல்லா வாசிச்சிருக்கீங்க. ஆனா ரெண்டு விசயத்த ஒண்டாப் போட்டுக் கலக்கிட்டீங்க.”

“எந்த ரெண்டு?”

“அந்தத் தடுப்புக் கதையெல்லாம் மருந்து வேலை செய்யுமா இல்லையா எண்டதுக்கு. அதுவும் பரவியிருந்தா, பிறகு வாற கேள்வி. இப்ப அவருக்கு மருந்து எண்டு யார் சொன்ன? வெட்டி எடுக்கிறதுக்கு வெண்குழியம் உள்ளுக்குப் போனா என்ன, போகாட்டி என்ன? சேர்ஜன் சுத்தவர நல்ல தோலையும் சேத்து முழுசா எடுப்பாரு.”

குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். காதெல்லாம் சூடு.

“முதலே எடுத்த ஸ்கானில வேற இடத்தில ஒண்டும் காணல்ல. இப்ப எடுத்தா நல்ல வாய்ப்பு இரிக்கி. விட்டா அது நிக்காது. அத மட்டும் அவருக்குச் சொல்லுங்க.”

“நீங்கள் ஃபோனில சொன்னால் கேப்பார்.”

“நான் ரெண்டு தரம் எடுத்த சேர். ‘அத்தான் சொல்லிட்டார்’ எண்டு வெச்சிட்டாரு.”

வெளியே வந்து வாங்கில் இருந்தேன். ஒரு கிழவி தன் காலைக் காட்டி, இதற்கும் இங்கேயா வரவேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது அம்மா என்றேன். அப்படி ஒருவருக்குச் சொல்லி எவ்வளவு காலம்.


ஓகஸ்ட் 12, செவ்வாய்

விடிந்ததும் இறங்குதுறை. த.வுக்குச் சொல்லவில்லை, சொன்னால் கூட வருவாள், அவள்தான் கதைப்பாள்.

ராசன் படகைக் கட்டிவிட்டு என்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தான். இடது காலில் பழைய துணி சுற்றியிருந்தது, துணியில் ஈரம். பக்கத்துப் படகுக்காரர் என்னைக் கண்டதும், “ராசன், உன்ட யூனிவெர்சிட்டி வருது” என்றார். சிரித்தார்கள். ராசன் சிரிக்கவில்லை.

வழியில் ஐந்தாறு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“ராசன், நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “எது பிழை? வாசல் இல்லையோ?”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உம்மட காலில அது இருக்கோ எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. நானாச் சொன்னது. அதோட அது மருந்தைப் பற்றின கதை. வெட்டுறதைப் பற்றினது இல்லை.”

“விளங்கேல்லை.”

“வெட்டுறதுக்கு வாசல் திறக்கத் தேவையில்லை. வாசல், மதில், உள்ளுக்கு இருக்கிறவன், எல்லாத்தையும் இடத்தோட எடுக்கிறது.”

“இடத்தோடயோ?”

“ஓம்.”

பிறகு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

“அப்ப ஏன் அண்டைக்கு அவ்வளவும் சொன்னனீங்கள்? நான் நாலஞ்சு நாளாச் செத்துப்போன ஆள் மாதிரித் திரியிறன். வலையை ஆருக்குக் குடுக்கிறது, படகை ஆருக்குக் குடுக்கிறது எண்டு.”

“வாசிச்சதெல்லாத்தையும் சொல்லவேணும் எண்டு நினைச்சனான். நீர் அதைக் கேக்கேல்லை.”

“நான் என்ன கேட்டனான்?”

“போறதோ விடுறதோ எண்டு.”

“ஓம். அதைத்தான் இன்னும் கேக்கிறன்.”

படகு கட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியாதவை எத்தனையோ: கணுவில் என்ன இருக்கும், தோல் ஒட்டுமா, படகில் நிற்பானா. வாழ்க்கை முழுக்க இந்த இடத்தில்தான் ‘எண்டாலும்’ என்று தொடங்குவேன்.

“போவம்” என்றேன்.

“பிழையாப் போனால்?”

“என்னை ஏசும்.”

“ஏசுறதுக்கு நான் இருக்கவேணுமே, அத்தான்.”

பக்கத்துப் படகுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ராசனும். நானும் என்று நினைக்கிறேன். பிறகு அவன் ஸ்பானரை வைத்துவிட்டு முகத்தை இடுப்புச் சாரத்தின் நுனியால் துடைத்தான், நெடுநேரம் துடைத்தான். நான் மறுபக்கம் பார்த்தேன்.

வீட்டில் த.விடம் “வாறானாம்” என்று மட்டும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.


ஓகஸ்ட் 13, புதன்

பயண ஆயத்தம். அறிக்கைகள், அடையாள அட்டைப் பிரதி, இரண்டு சாரம், துவாய், பிளாஸ்க், என் மருந்துக் குளிசைகள். த. புட்டு அவித்துப் பொதி கட்டினாள். ராசன் தன் படகை உப்புவெளிச் சிநேகிதன் ஒருவனிடம் விட்டுவந்தான். “திருப்பி வாங்குவன், பெயின்ற் அடிச்சுப்போடாதை எண்டு சொன்னனான்.”

பஸ்ஸில் அவன் சன்னல் பக்கம். தம்பலகாமம் தாண்டும்போதே நித்திரை. எனக்கு இல்லை. சொன்னது சரியா என்று ஒவ்வொரு தரிப்பிலும் கேட்டுக்கொண்டேன். ஒரு தரிப்பிலும் பதில் இல்லை. ஆனால் பஸ் போய்க்கொண்டிருந்தது.


ஓகஸ்ட் 14, வியாழன்

கொழும்பு. மழைத்தூறல். வார்ட்டில் சேர்த்தாயிற்று. பக்கத்துக் கட்டிலில் குருநாகல் ஆள் ஒருவர், அவருக்குக் கன்னத்தில். ராசன் தன் சிங்களத்தில் அவருக்கு மீன் விலை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சேர்ஜன் வந்து பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒரு தாள் நிறைய இருந்தது. ராசன்தான் கேட்டான்: “சேர், நான் திரும்பப் படகில ஏறலாமோ?” யாரோ மொழிபெயர்த்தார்கள். ஏறலாம், நெடுநாள் செல்லும், சப்பாத்துப் போடவேண்டிவரும் என்றார். “கடலுக்குச் சப்பாத்து!” என்று ராசன் எனக்குச் சொன்னான், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல.


ஓகஸ்ட் 15, வெள்ளி

காலையில் தாதி வந்து இடது காலில் நீலப் பேனையால் அம்புக்குறி போட்டார். ராசன்: “நல்லது. மற்றதை வெட்டிப்போடுவினம்.” தாதிக்கு விளங்கவில்லை. நல்லவேளை.

தள்ளிக்கொண்டு போக முன் என் கையைப் பிடித்தான்.

“அத்தான், கணுவில ஏதும் கண்டால்? அப்ப உந்த மருந்துக் கதை வருமோ?”

“வரும்.”

“அப்ப அந்த வாசல்?”

எனக்கு எத்தனையோ வரிகள் மனதில் வந்தன, புதன்கிழமையின் தாள் முழுவதும்.

“எனக்குத் தெரியாது, ராசன்.”

“அது போதும்” என்றான். “பிறகு ரெண்டு பேருமாப் பாப்பம்.”

கொண்டுபோய்விட்டார்கள்.

த. ஃபோன். இன்னும் இல்லை என்றேன். மறுபடி ஃபோன். இன்னும் இல்லை.

வாங்கு முழுக்க ஆட்கள். ஒரு பிள்ளை பிஸ்கட் உதிர்க்கிறது. வெளியே மழை பலத்துவிட்டது. பல்லு வலி இல்லை, இப்போதுதான் கவனித்தேன்.

கதவு திறந்து ஓர் ஊழியர். ராசனின் முழுப்பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். அவருடைய ஆள் யார் என்று கேட்கிறார். கையை உயர்த்திவிட்டேன். எழும்பவேண்டும்.